நெருக்கடி வந்தால் வலியும் ஏறுதே! – வாசகர் கேள்வி பதில்

மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் இருக்கும் வலியை நாள்பட்ட வலி என்பார்கள். அப்படியொரு வலியோடு காலம் தள்ளுகிறவர்கள் இந்த முறை அனுப்பிய கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தைச் சுற்றுகின்றன. வீட்டிலோ வேலையிலோ ஒரு நெருக்கடி வந்தால் வலி ஏன் தலைதூக்குகிறது, அந்த நேரத்தில் என்ன செய்வது? வலி மருத்துவம், பிசியோதெரபி, மனநலம் ஆகிய துறைகளில் இருப்பவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வயது 42. நாலு வருஷமாக இடுப்பு வலி. ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க் (கீழ்முதுகில் இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கும் மெத்தை) பிதுங்கியிருக்கு என்றார்கள். சாதாரண நாளில் சமாளித்துவிடுவேன். ஷிப்மென்ட் வாரம் வந்தால் மட்டும் நிமிர முடியவில்லை. டாக்டரிடம் சொன்னால் "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்கிறார். அப்படியென்றால் இந்த வலி என் கற்பனையா?
*– ஒரு வாசகி, திருப்பூர்*

கற்பனை இல்லை. டாக்டர் சொன்னதில் விஷயம் இருக்கிறது, சொன்ன விதம்தான் போதவில்லை.

இடுப்பில் கிளம்பும் வலிச் செய்தி அப்படியே மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. தண்டுவடத்தில் ஒரு வாசல் மாதிரி ஏற்பாடு இருக்கிறது. எவ்வளவு செய்தியை உள்ளே விடுவது என்பதில் மூளையிலிருந்து கீழே வரும் உத்தரவுக்கும் பங்கு உண்டு. ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரண்டு வலி ஆராய்ச்சியாளர்கள் 1965-ல் இதை எழுதினார்கள். நுணுக்கங்கள் பிறகு மாறினாலும் அடிப்படை இன்றும் நிற்கிறது. திடீர் ஆபத்தில் மூளை அந்த வாசலைச் சாத்திவிடும். பைக்கிலிருந்து விழுந்தவர் எழுந்து வண்டியை ஓரம் தள்ளிவிட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் முழங்கையில் தோல் உரிந்திருப்பதைப் பார்ப்பார். நாள் கணக்கில் இழுக்கும் நெருக்கடியில் நடப்பது இதற்கு நேர்மாறு. தூக்கம் குறைகிறது, முதுகுத் தசைகள் தளராமல் இறுகியே இருக்கின்றன, வாசலும் அகலத் திறந்துகொள்கிறது. போன வாரம் பத்துக்கு 4 என்று உணர்ந்த அதே வலி இந்த வாரம் 7 ஆகத் தெரிகிறது.

டிஸ்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலியே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியிட்டார்கள். அதில் 40 வயதுக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ஆகவே ஷிப்மென்ட் வாரத்தில் டிஸ்க் மேலும் பிதுங்குகிறது என்று பயப்பட வேண்டாம். சரக்கு போன பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் வலி பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது என்றால், அங்கே புதிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம்.

இனி செக்கிங் டேபிள். துணி இருக்கும் மட்டம் உங்கள் முழங்கை மட்டத்துக்கோ கொஞ்சம் கீழேயோ இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்வாக இருந்தால் நாள் முழுக்க 20 டிகிரி குனிந்தே நிற்பீர்கள், அதுதான் ஓவர்டைமில் கொல்லும். டேபிள் கால்களுக்குக் கீழே பலகை வைத்து உயர்த்தச் சொல்லிக் கேளுங்கள். காலடியில் 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் ஒரு கட்டை போட்டு, ஒரு பாதத்தை அதன்மேல் வையுங்கள். கால் மணிக்கு ஒருமுறை காலை மாற்றுங்கள். கடிகாரம் பார்க்க நேரமில்லை என்றால் பண்டிலைக் கணக்கு வையுங்கள். ஒவ்வொரு பண்டில் முடிந்ததும் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, மெதுவாகப் பின்பக்கம் ஐந்து முறை சாயுங்கள். 20 விநாடிதான் ஆகும், சூப்பர்வைசர் திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிடும். சாயும்போது வலி தொடையைத் தாண்டிக் காலுக்குள் இறங்கினால் மட்டும் அதை விட்டுவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். சிறுநீர் வருவது தெரியாமல் போவது, அடைத்துக்கொள்வது, மலத்தை அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் தடுக்குவது: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சலோ, காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்து வரும் முதுகு வலியையும் டென்ஷன் கணக்கில் எழுதக் கூடாது.

எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்க வலியும் அசதியும் நீடிக்கும் நோய்) இருக்கிறது. வயது 51. மகளுக்கு இன்னும் நான்கு வாரத்தில் கல்யாணம். போன வருஷம் சின்னதாக ஒரு வளைகாப்புச் செய்ததற்கே பத்து நாள் எழுந்திருக்கவில்லை. இப்போது நினைத்தாலே உடம்பெல்லாம் வலிக்கிறது.
*– ஒரு வாசகி, மதுரை*

வளைகாப்பில் நடந்தது என்ன என்று பார்த்தால் வழி கிடைக்கும். உடம்பு நன்றாக இருந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்திருப்பீர்கள். அதற்கான கூலியை உடம்பு அன்றைக்கே கேட்காது. ஃபைப்ரோமயால்ஜியாவில் அது மறுநாளோ அதற்கு மறுநாளோதான் வந்து நிற்கும். "வலி வந்ததும் நிறுத்திக்கொள்கிறேன்" என்ற கணக்கு அதனால்தான் பொய்க்கிறது. வலி தெரியும்போது அளவு எப்போதோ தாண்டியிருக்கும். வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டியது கடிகாரம்.

அளவு கண்டுபிடிக்கும் முறை இது. சமையலறையில் நிற்பதை எடுத்துக்கொள்வோம். சாதாரணமான மூன்று நாளில், நிற்க ஆரம்பித்து எத்தனையாவது நிமிடத்தில் வலி ஏறத் தொடங்குகிறது என்று குறியுங்கள். 20, 30, 25 என்று வைத்துக்கொண்டால் சராசரி 25. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், 20 வரும். அதுதான் நீங்கள் ஒரே மூச்சில் நிற்க வேண்டிய நேரம். செல்போனில் 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அடித்தவுடன், வலி துளியும் இல்லாவிட்டாலும், உட்கார்ந்துவிட வேண்டும். பலரும் தோற்பது இந்த இடத்தில்தான்: "இன்னும் ரெண்டு தோசைதானே!" ஐந்து முதல் பத்து நிமிடம் வேறு நிலையில் இருந்துவிட்டு மறுபடி 20. உட்கார்ந்து பூ கட்டுவதற்கு, ஆட்டோவில் போவதற்கு, பை தூக்குவதற்கு எல்லாம் இதேபோல் தனித்தனி அளவு எடுங்கள். ஒன்றின் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

இந்த அளவை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக் கூடாது. 20 நிமிடம் அடுத்த வாரம் 22, அதற்கடுத்த வாரம் 24. நான்கு வாரத்தில் பெரிதாக எதையும் கட்டியெழுப்ப முடியாது என்பதை இதிலிருந்தே பார்க்கலாம். இப்போதைக்குக் குறி, இருக்கும் தெம்பை முகூர்த்தம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். தினமும் 15 நிமிடம் நடக்கிறீர்கள் என்றால் கல்யாண அலைச்சலைச் சாக்காக வைத்து அதை விட்டுவிடாதீர்கள். முதலில் கைநழுவுவது அதுதான், முதலில் குறை தெரிவதும் அதில்தான்.

இனி காலண்டரை எடுங்கள். பத்திரிகை வைக்கப் போவது, ஜவுளி எடுப்பது, பாத்திரக்கடை, நகைக்கடை: இவை எல்லாம் கனமான நாட்கள். ஒரு கனமான நாளுக்கு மறுநாள் காலியாக இருக்கட்டும். பத்திரிகைக்கு ஒரு நாளைக்கு நான்கு வீடு போதும். வேலை என்பது கார் பயணம் மட்டும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் தாழ்ந்த சோபாவில் அமர்ந்து, காபி குடித்து, எழுந்து, குங்குமம் வாங்கி, மறுபடி காரில் ஏறுவது என்று ஒரு வீட்டுக்கு நாலைந்து தடவை எழுந்து உட்காருகிறீர்கள். பட்டுப்புடவைக் கடையில் மெத்தையில் சம்மணம் போட்டு மூன்று மணி நேரம் உட்காராதீர்கள். ஸ்டூல் கேட்டால் எடுத்துப் போடுவார்கள். புடவைகளை மகள் வடிகட்டட்டும், கடைசி ஐந்தைப் பார்க்க மட்டும் நீங்கள் போனால் போதும்.

முகூர்த்தத்துக்கு மூன்று மணிக்கு எழ வேண்டுமென்றால், முந்தின நாள் மட்டும் சீக்கிரம் படுத்துத் தூக்கம் வராது. நான்கு நாள் முன்பிருந்தே தினமும் அரை மணி முன்னதாக எழுந்து, அரை மணி முன்னதாகப் படுங்கள். தாரை வார்க்கும்போது தரையில் உட்கார வேண்டியிருக்கும். மணையை உயரமாகப் போடச் சொல்லி, மேலே தடிமனான திண்டு ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். இதை புரோகிதரிடமும் மண்டப மேனேஜரிடமும் முந்தின நாளே சொல்லிவிடுவது நல்லது. ரிசப்ஷன் மேடையில் உங்களுக்கென்று ஒரு நாற்காலி ஓரமாக இருக்கட்டும். கைப்பையில் அந்தந்த வேளை மாத்திரை, தண்ணீர் பாட்டில், நாலு பிஸ்கட்.

பேச்சு வரும். பெண்ணின் அம்மா உட்கார்ந்தே இருக்கிறாள் என்று யாராவது சொல்வார்கள். "முகூர்த்தத்துக்கு நிக்கணும் அத்தே, அதான் இப்ப உட்கார்ந்திருக்கேன்" என்று ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அதற்கு முடிவே இல்லை.

கல்யாணம் முடிந்ததும் வலி ஏறத்தான் செய்யும், அதற்கும் இப்போதே இடம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு நாள் வழக்கமான வேலையில் பாதி, நடையும் பாதி. மூன்றாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரத்தில் பழைய அளவு. படுத்த படுக்கையாக நாட்கள் போனால் தசை தளர்ந்து, பிறகு எழுந்து நடப்பதே புது வேலையாகிவிடும். போன முறை பத்து நாள் இழுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். மறுவீடு அழைப்பை நாலைந்து நாள் தள்ளிப் போட முடியுமா என்று சம்பந்தி வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

வயது 63. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பி.பி., சுகர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். நிலத் தகராறு கேஸ் ஒன்று நடக்கிறது. வாய்தா நெருங்கினாலே வலி தூக்கிவிடும். மெடிக்கலில் "ஒரு செட்" கேட்டு வாங்கிப் போட்டால் ஒரு மணி நேரத்தில் பறந்துவிடுகிறது. மாதம் ஐந்தாறு செட். இதனால் கெடுதல் உண்டா?
*– ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்*

உண்டு. அந்தச் செட்டில் என்ன இருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது என்பது முதல் கெடுதல்.

உதிரியாகக் கொடுக்கும் செட்டில் வழக்கமாக இருப்பவை டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் மாதிரி ஒரு வலி மாத்திரை, ஒரு பாரசிட்டமால், வயிற்றுக்கு ஒன்று. பல நேரம் கூடவே சின்னதாக ஒரு ஸ்டீராய்டு. "பறந்துவிடுகிறது" என்கிறீர்களே, அதில் ஸ்டீராய்டின் கைவரிசையும் இருக்கலாம். அது சுகரை ஏற்றும், பி.பி.யை ஏற்றும், நாள்பட்டால் எலும்பைக் கரைக்கும். தொடர்ந்து வாரக்கணக்கில் சாப்பிட்டவர்கள் சட்டென்று நிறுத்தவும் கூடாது. சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும், மயக்கம் வரை கொண்டுபோய்விடும். அப்படிச் சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது, சிறுநீரகம். உங்கள் பி.பி. மாத்திரை அட்டையைப் பாருங்கள். பெயர் "சார்ட்டன்" என்றோ "ப்ரில்" என்றோ முடிந்து, கூடவே நீர் பிரியும் மருந்தும் சேர்ந்திருந்தால், அதன் மேல் டைக்ளோஃபினாக் வகையைப் போடுவது சிறுநீரகத்துக்கு மூன்று பக்கத்திலிருந்தும் அடி. வாய்தா நாளில் தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் கோர்ட்டில் காத்துக் கிடப்பீர்கள், அது நாலாவது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ஒன்று உடனே செய்துகொள்ளுங்கள்.

வாய்தா நாளுக்கு மாற்று இருக்கிறது. ஈரல் நன்றாக இருந்தால் பாரசிட்டமால் 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்துக்கு நான்குக்கு மேல் வேண்டாம். தினமும் குடிப்பவர்களுக்கு இந்த அளவும் அதிகம், டாக்டரைக் கேட்க வேண்டும். சளி மாத்திரையிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். முழங்காலுக்கு டைக்ளோஃபினாக் ஜெல் நல்ல வழி. தோல் வழியாகப் போவதால் ரத்தத்தில் சேர்வது குறைவு. ஆனால் மிளகளவு எடுத்துத் தடவிவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். ஒரு முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிராம் வேண்டும். 30 கிராம் டியூப் ஒரு காலுக்கே எட்டிலிருந்து பதினைந்து வேளைதான் வரும். தடவிய இடத்தில் ஒத்தடம் கொடுக்கவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. சிறுநீரகப் பரிசோதனையில் குறை தெரிந்தால் ஜெல்லையும் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

கோர்ட் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரமும் வீண் இல்லை. ஒரு காலை நீட்டி, முழங்காலை நேராக்கி, தொடைத் தசையை இறுக்கி 5 விநாடி வைத்து இறக்குங்கள். காலுக்குப் பத்து. பெயர் கூப்பிடுவதற்குள் மூன்று சுற்று முடிந்துவிடும்.

பள்ளி ஆசிரியை. விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கினால் பின்னந்தலையிலிருந்து நெற்றி வரை பட்டை போட்டு இறுக்குவது போல வலி. பொதுத்தேர்வு வேலை ஆரம்பித்ததிலிருந்தே, மூன்று மாதத்துக்கு மேலாக, ஏறக்குறைய தினமும் ஒரு தலைவலி மாத்திரை. இப்போது மாத்திரை போடாவிட்டால் காலையிலேயே வலி வந்துவிடுகிறது.
*– ஒரு வாசகி, நாமக்கல்*

ஆரம்பத்தில் இருந்தது இறுக்கத் தலைவலி. அதன் மேல் இப்போது மாத்திரையே உண்டாக்கும் தலைவலி ஏறி உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கணக்கு இதுதான்: சாதாரண பாரசிட்டமால் போன்றவை மாதத்தில் 15 நாள், கலவை மாத்திரைகளும் ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகைகளும் 10 நாள். இந்த அளவை எட்டி மூன்று மாதம் தாண்டினால் மருந்தே தலைவலிக்குக் காரணமாகலாம். காலண்டரில் மாத்திரை போட்ட நாளை வட்டமிடுங்கள். எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதே முக்கியம்.

நிறுத்தினால் முதல் இரண்டு முதல் பத்து நாள் வலி இன்னும் மோசமாகும், குமட்டலும் வரலாம். ஆகவே முகாம் நடுவில் முயலாதீர்கள். மே மாத விடுமுறையில், நரம்பியல் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கோடீன், டிரமடால் (அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்துகள்) கலந்த மாத்திரையாக இருந்தால் சொந்தமாக நிறுத்தவே கூடாது. காபியையும் ஒரேயடியாக விட்டால் அதுவே தலைவலி. நாலு டம்ளர் என்றால் மூன்று நாளைக்கு ஒரு டம்ளர் வீதம் குறையுங்கள்.

முகாமில் இப்போதே மாற்ற முடிந்தவை இரண்டு. விடைத்தாளை மேஜையில் தட்டையாகப் போட்டுத் திருத்தும்போது கழுத்து முழுக்க மடங்குகிறது. பரீட்சை அட்டைக்கு அடியில் ஒரு தடிமனான புத்தகத்தைக் கொடுத்துச் சாய்வாக வையுங்கள். அடுத்தது பல். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவே கூடாது. மார்க் கூட்டும்போது பலரும் தெரியாமல் கடித்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு பேப்பர் கட்டைப் பிரிக்கும்போதும் தாடையைக் கவனித்து, நாக்கு நுனியை மேல் பல்லுக்குப் பின்னால் லேசாக வைத்தால் தாடை தானாகத் தளரும்.

இடி விழுந்தது போல் நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குளறல், 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி: இவற்றுக்கு இந்தப் பதில் பொருந்தாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

வலி ஏறும்போது மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். நான் செய்தால் தலை சுற்றுகிறது, விரல் நுனியெல்லாம் குறுகுறுக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. எனக்கு மட்டும் ஏன்?
*– ஒரு வாசகர், புதுச்சேரி*

நிறையப் பேருக்கு இப்படித்தான் ஆகிறது. "நல்லா இழுத்து விடு" என்று சொல்லிக் கொடுப்பதுதான் கோளாறு. பெரிய பெரிய மூச்சாக வேகமாக இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறையும். தலைசுற்றலும் குறுகுறுப்பும் அதனால்தான். பலன் தருவது ஆழம் இல்லை, மெதுவும் நீண்ட வெளிமூச்சும்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, அடியில் தலையணை வையுங்கள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்கு மேல். மூக்கு வழியாக மனதுக்குள் நாலு எண்ணும் வரை இழுங்கள். சாதாரண அளவு போதும், மேல் கை அசையக் கூடாது. ஆறு எண்ணும் வரை விடுங்கள், சூடான பாலை ஊதுவது போல உதட்டைக் குவித்து. மொத்தம் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஆறு எண்ண முடியாமல் மூச்சு முட்டினால் மூன்றுக்கு நாலு என்று தொடங்குங்கள். ஐந்து நிமிடம், காலையும் இரவும்.

பெரும்பாலோர் வழுக்கும் இடம் இன்னொன்று. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் முதன்முதலாகச் செய்து பார்க்கிறார்கள். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்றுக்கொள்கிற கதை அது. வலி குறைவான நாளில் இரண்டு மூன்று வாரம் பழகிவிட்டால், நெருக்கடி நாளில் உடம்புக்கு வழி தெரிந்திருக்கும். வலி பூஜ்யமாகிவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். 7 இருந்தது 6 ஆகி, தோள் இறங்கினால் அது வேலை செய்கிறது. படபடப்பு நெஞ்சு வலியோடு வந்தாலும், நடக்கும்போது வந்தாலும் முதலில் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்.

மனைவிக்கு ஐந்து வருஷமாகக் கழுத்து, தோள் வலி. வீட்டில் பிரச்சினை என்றால் வலியும் கோபமும் சேர்ந்து வருகிறது. நான் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாலும் எரிந்து விழுகிறாள்.
*– ஒரு வாசகர், வேலூர்*

கேட்காதீர்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் மறந்திருந்த வலியை அவர் தேடிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காந்த வில்லை போதும்: பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்று கட்டம், அவரே நகர்த்தி வைக்கட்டும். சிவப்பு என்றால் இரவுச் சாப்பாடும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் உங்களுடையவை என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வதும் தவறு. அது அவரை இன்னும் முடங்க வைக்கும்.

அப்பா இறந்து மூன்று மாதம். அதிலிருந்து என் இடுப்பு, கால் வலி இரண்டு மடங்கு. தூக்கம் இல்லை. டாக்டர் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதினார். "அது மனநோய் மாத்திரை, போடாதே" என்கிறார் அண்ணி. வாங்கி அப்படியே வைத்திருக்கிறேன்.
*– ஒரு வாசகி, திருநெல்வேலி*

அண்ணி சொல்வதில் பழைய உண்மை இருக்கிறது. 1960-களில் அது மனச்சோர்வுக்கு வந்த மருந்துதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் அளவு வழக்கமாக 75 மி.கி.யும் அதற்கு மேலும். உங்களுக்கு எழுதியிருக்கும் 10 மி.கி., மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் வலி அடக்கும் பாதைக்குக் கைகொடுக்க. தூக்கமும் கூடவே கிடைக்கும்.

படுக்கப் போகும்போது போட்டால் காலையில் கிறக்கம் தங்கிவிடும். இரவு எட்டு மணி வாக்கில், படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போடுங்கள். முதல் வாரம் வாய் உலரும், மலம் இறுகும், எழும்போது தள்ளாடும். பெரும்பாலும் குறைந்துவிடும். வலியில் மாற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலாம் நாளே "கேட்கலை" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். கண் அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஏதாவது இருந்தால் தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரைகள் சாப்பிட்டால், முக்கியமாக டிரமடால் என்றால், அதையும் சொல்லுங்கள்.

தூக்கத்துக்கு மாத்திரை மட்டும் போதாது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுங்கள். இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்புங்கள். பகலில் வலிக்காகப் படுக்கலாம், ஆனால் அரை மணி நேரம், மூன்று மணிக்கு முன்.

அப்பாவை நினைத்து அழுவதற்கும் வலி ஏறுவதற்கும் தொடர்பு இருக்கிறது என்பதால் அழுகையை அடக்க வேண்டியதில்லை. இனி வாழ்ந்து என்ன என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

டென்ஷனில் கழுத்து பிடித்துக்கொண்டால் ஐஸா, வெந்நீர் ஒத்தடமா?
*– ஒரு வாசகர், கோயம்புத்தூர்*

பழைய வலியில் தசை இறுகியிருந்தால் வெந்நீர்ப் பைதான் பெரும்பாலோருக்கு இதம். ஐஸ் புதிய அடிக்கும் வீக்கத்துக்கும். பையில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடி, துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கொதிநீர் வேண்டாம். 15 முதல் 20 நிமிடம் போதும். அதன் மேல் தலை வைத்துத் தூங்கிவிடாதீர்கள். தினமும் ஒரே இடத்தில் சூடு வைத்தால் தோலில் வலைப்பின்னல் மாதிரி பழுப்புத் தழும்பு விழும், விழுந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சுகரால் கால் மரத்திருப்பவர்கள் காலுக்கு ஒத்தடமே கொடுக்கக் கூடாது. சூடு தெரியாமல் வெந்துவிடும். ஒத்தடம் எடுத்த கையோடு, தசை இளகியிருக்கும்போதே, காதைத் தோள் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பத்து விநாடி, பக்கத்துக்கு மூன்று முறை.